1990 டொயோட்டா பிக்கப்: ஆயிலுக்குள் கூலன்ட் வந்த வழி

ரேடியேட்டரில் தண்ணீர் (கூலன்ட்) குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம் சில விநாடிகள் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். வண்டி 1990ஆம் ஆண்டு டொயோட்டா பிக்கப். 22ஆர்இ இன்ஜின், ஐந்து கியர், நான்கு சக்கர இழுவை. நண்பருடையது. அவர் பொள்ளாச்சிக்காரர், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வேலை பார்க்கிறார். என்னைவிட இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

என்னிடம் வருவதற்கு முன்பு ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றித் தளம் சீவ வேண்டும் என்று சொல்லி, வண்டியின் விலையில் பாதிக்கு மேல் ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“எதையாவது கழற்றிப் பார்த்தாங்களா தம்பி?”

“இல்லீங்ண்ணா. தண்ணி குறையுது, ஆயில் ஊத்துற மூடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கு, அப்ப ஹெட் கேஸ்கட்தான்னு சொல்லிட்டாங்க.”

அந்த இரண்டு அறிகுறிகளும் ஹெட் கேஸ்கட்டுக்குப் பொருந்தும். காலைச் சத்தம் பொருந்தாது. ஹெட் கேஸ்கட் போன இன்ஜின் குளிரில் உதறும், வெள்ளைப் புகை விடும். முன்பக்கத்தில் மட்டும் கடகடக்காது. அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்து போய் என்ன கண்டோம், அதே கையோடு இந்தப் பழைய வண்டியில் எதை மாற்றினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்பதை எழுதிவைக்கிறேன். இதே இன்ஜின் உள்ள வண்டி இன்னும் நிறைய ஓடுகிறது. யாருக்காவது உதவும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

உலகத்தின் மற்ற பக்கங்களில் ஹைலக்ஸ் என்று ஓடிய வண்டிதான் இது. அமெரிக்காவில் 1995 வரைக்கும் வெறும் டொயோட்டா பிக்கப் என்றே விற்றார்கள். இன்ஜின் 2366 சிசி, 92 மி.மீ. போர், 89 மி.மீ. ஸ்ட்ரோக். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒரே கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. வேகத்துக்குச் செய்த இன்ஜின் இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் நிதானமாக ஏறுவதற்குச் செய்தது. பராமரித்தால் 3 லட்சம் மைல் தாண்டியும் ஓடும்.

இறக்குமதியாகும் பிக்கப்புக்கு அமெரிக்காவில் 25 சதவீத வரி உண்டு. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா போட்ட வரிக்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் போட்டது, இன்றும் நிற்கிறது. அதைச் சமாளிக்க டொயோட்டா 1970களில் தொட்டி இல்லாத சேஸியாக வண்டியை இறக்கி, பின்தொட்டியை லாங் பீச்சில் செய்து மாட்டியது. பிறகு 1991 முதல் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து நடத்திய நம்மி ஆலையிலேயே பிக்கப் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆலைதான் இன்று டெஸ்லாவினுடையது. நண்பரின் வண்டி அதற்கு முந்தியது. சேஸி எண் ஜேடி4 என்று தொடங்குகிறது, அதாவது ஜப்பானில் கட்டியது.

கழற்றும் முன் பார்த்தவை

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஈஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) ஃபியூஸை எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு பார்த்தோம். இந்த இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 171 பிஎஸ்ஐ, குறைந்தபட்சம் 142, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14க்குள். எங்களுக்கு வந்தது 162, 165, 160, 164. முப்பது வயது தாண்டிய இன்ஜினுக்கு அருமையான எண்கள். பிளக் நான்கும் ஒரே மாதிரி வறண்ட பழுப்பு. கூலன்ட் எரிகிற சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்து ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு சோதனை. நீலத் திரவம் உள்ள குழாயை வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது வரும் காற்றை இழுத்துவிட வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. அப்புறம் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 13 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றினோம். அரை மணியில் 9க்கு இறங்கியது. வெளியே எங்கும் ஈரமில்லை, பிளக் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையிலும் ஈரமில்லை.

ஆக, தண்ணீர் வெளியே போகவில்லை, சிலிண்டருக்குள்ளும் போகவில்லை. மீதமிருக்கும் ஒரே இடம் ஆயில். மூடியின் அடியில் படியும் வெள்ளைப் பசையை வைத்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. குளிர்காலத்தில் கிட்டத்திலேயே ஓடும் வண்டியில் வெறும் காற்று ஈரத்தாலும் அது படியும். சரியான சோதனை அடியில்தான் இருக்கிறது. வண்டியை இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல், ஆயில் சம்பின் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டை மெதுவாகத் தளர்த்த வேண்டும். கூலன்ட் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும்.

போல்ட் கடைசி இழையில் இருக்கும்போதே பச்சையாக ஒரு கோடு தட்டில் விழுந்தது. கையளவு கூலன்ட் தனியாக வந்து, அதற்குப் பிறகுதான் ஆயில் இறங்கியது. அந்த ஆயிலைப் பழைய பனியன் துணியில் வடிகட்டினோம். துணியில் வெள்ளி நிறத்தில் மினுக்கும் பொடி. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. அப்படியானால் அது அலுமினியம், இல்லையென்றால் பெயரிங் உலோகம். பெயரிங் என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். நண்பரின் முகம் போன போக்கைப் பார்த்து, “இரு தம்பி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு” என்றேன்.

அது மேலே, வால்வு கவரைக் கழற்றி உள்ளே பார்ப்பது. கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு இரு பக்கமும் செயின் கீழே இறங்கும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், பயணி பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் வலது) செயினின் தளர்வை எடுக்கும் டென்ஷனரின் சப்பாத்து தெரிந்தது. டிரைவர் பக்கத்தில் (இடது) செயினை ஒட்டி, அது ஆடாமல் தாங்க ஒரு கைடு நிற்க வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை. செயின் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினால், முன்பக்கத்தில் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் சுவரைத் தொட்டது.

ஹெட் கேஸ்கட் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

ஒரு பிளாஸ்டிக் துண்டு எப்படித் தண்ணீரை ஆயிலில் கலக்கும்

இந்த இன்ஜினில் கிராங்க் சுழன்று செயினை இழுத்து மேலே கேம்ஷாஃப்டைச் சுற்றும். முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் கடிகாரத் திசையில் சுற்றும், அதனால் டிரைவர் பக்கத்துச் செயின் எப்போதும் இழுபட்டு விறைப்பாக இருக்கும். பயணி பக்கம் தளர்வு. தளர்வை எடுத்துக்கொள்ள அங்கே ஒரு டென்ஷனர். விறைப்பான பக்கம் ஆடாமல் ஓட நேராக ஒரு கைடு.

டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி நின்ற இன்ஜினில் அழுத்தம் இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்துதான் ஓடும். அந்தச் சில விநாடிகளில் அது டிரைவர் பக்கக் கைடை அறைகிறது. 1980களின் தொடக்கம் வரை இந்தக் குடும்ப இன்ஜின்களில் இரட்டை வரிசைச் செயினும் இரும்பு முதுகுள்ள கைடும் இருந்தன. பிறகு ஒற்றை வரிசைச் செயினுக்கு மாறியபோது உராய்வும் சத்தமும் குறைந்தன, கைடு பிளாஸ்டிக்கானது. பல்லாண்டுச் சூட்டில் பிளாஸ்டிக் இறுகிப்போய் ஒருநாள் போல்ட் துளை ஓரத்தில் பிளக்கும். இந்த வண்டியில் முன்பே யாரோ ஒருமுறை செயின் மாற்றியிருக்கிறார்கள். கவரில் இருந்த சீலன்ட் கம்பெனி பூசியது இல்லை. அப்போது மாட்டியதும் வெறும் பிளாஸ்டிக் கைடுதான்.

கைடு போன பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. செயினுக்கும் டைமிங் கவருக்கும் நடுவில் தடுப்பு இல்லை. கவர் அலுமினியம், செயின் எஃகு. ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டிலும் செயின் கவரின் உட்சுவரை அரம் போட்டு ராவுகிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாட்டர் பம்பிலிருந்து பிளாக்குக்குத் தண்ணீர் போகும் பாதை. சுவர் தேய்ந்து துளையானதும் தண்ணீர் நேராகச் சம்பில் இறங்குகிறது. துணியில் வந்த மினுக்கும் பொடி கவரின் அலுமினியம்.

சத்தம் கேட்ட நாளே பார்த்திருந்தால் செயினும் கைடும் மட்டும் மாற்றியிருக்கலாம். சத்தம் தானாக அடங்கிவிடுகிறதே என்று ஓட்டுவதில்தான் பெரும்பாலான 22ஆர்இ-க்கள் கவரை இழக்கின்றன, சில பெயரிங்கையும். சூடானதும் அடங்கும் சத்தத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இன்ஜினில் அழுத்தம் வந்ததும் அடங்குவதுதான் அந்த நோயின் அடையாளமே.

ஹெட்டைத் தூக்குவதா வேண்டாமா

டைமிங் கவரின் மேல் விளிம்பு ஹெட் கேஸ்கட்டின் முன் நுனிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கவரை எடுக்கும்போது அந்த நுனி கிழியலாம். அதனால் ஹெட்டையும் தூக்கிவிட்டுப் புதுக் கேஸ்கட் போடுவதே சுத்தமான வேலை என்று ஒரு கட்சி. கவரை மட்டும் நைசாக வெளியே இழுத்து, மாட்டும்போது மூலைகளில் சீலன்ட் வைத்தால் போதும் என்று இன்னொரு கட்சி.

எனக்கு இரண்டாவதே சரியென்று பட்டது. கம்ப்ரஷன் நான்கிலும் நன்றாக இருக்கிறது. இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருப்பதும் ஹெட் போல்ட்டுகளேதான், ஹெட்டைத் தொட்டால் மேலே எல்லாம் பிரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஸ்டட் ஒன்றாவது உடையும். ஹெட்டைத் தூக்கினால் தளம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், 0.15 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். நன்றாக அடைத்துக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பை, கழற்றுவது வசதி என்பதற்காகத் திறக்க எனக்கு மனமில்லை. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் விழுந்திருந்தால் யோசிக்காமல் தூக்கியிருப்பேன்.

சம்ப் விஷயத்தில் நேர் எதிர் முடிவு. நான்கு சக்கர இழுவை வண்டியில் சம்புக்கு நேர் கீழே முன் டிஃபரன்ஷியல் நிற்கிறது. அதை இறக்காமல் சம்ப் வெளியே வராது. அதனால் பலர் சம்பைத் தொடாமல், முன் போல்ட்டுகளை மட்டும் தளர்த்திக் கவரை இழுத்துவிடுகிறார்கள். ஆனால் உடைந்த கைடு எங்கே போனது? சம்பில்தான் கிடக்கும். ஆயில் பம்ப் உறிஞ்சும் வலைக்கூடை அதே இடத்தில்தான் இருக்கிறது. புதுச் செயின் போட்டுவிட்டு, பழைய பிளாஸ்டிக் வலையை அடைத்து ஆயில் அழுத்தம் விழுந்தால் செய்ததெல்லாம் வீண். டிஃபரன்ஷியலை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வேலை

ஆயிலையும் கூலன்டையும் வடித்தாயிற்று. கலந்த ஆயிலைக் கடைகள் எடுத்துக்கொள்ளாது. சுத்தமான பழைய ஆயிலை மட்டும்தான் வாங்குவார்கள். இதைத் தனிக் கேனில் பிடித்துக் கவுன்ட்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தோம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும். தட்டைத் திறந்தபடி வைக்கவே கூடாது.

ரேடியேட்டர், ஃபேன், பெல்ட்டுகள், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லாம் வழக்கம்போல வந்தன. முதல் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டார் நின்ற திசையைக் கோடு போட்டுக்கொண்டு அதைக் கழற்றினோம். கிராங்க் புல்லியின் 19 மி.மீ. போல்ட்தான் பிடிவாதம். நீளக் கம்பியை சேஸியில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டி கழற்றும் குறுக்கு வழி ஒன்று உண்டு. கம்பி நழுவினால் எங்கே போய் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. புல்லியைப் பிடிக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து, நிதானமாகவே கழற்றினோம்.

அடுத்து ஒரு போல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேம் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே, ஹெட்டின் முன் நுனியில் ஒரு சின்னப் பள்ளம். அதில் எப்போதும் ஆயில் தேங்கி நிற்கும். அந்த ஆயிலுக்கு அடியில் ஒரு போல்ட் மூழ்கிக் கிடக்கிறது, ஹெட்டிலிருந்து டைமிங் கவருக்குள் நேராக இறங்குவது. பார்த்தால் தெரியாது. இதை எடுக்காமல் கவரை நெம்பி உடைத்தவர்கள் ஏராளம். துணியால் ஆயிலை ஒற்றி எடுத்ததும் தலை தெரிந்தது. மாட்டும்போதும் இதை மறக்கக் கூடாது.

கவர் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. அட்டைப்பெட்டியின் மூடியில் கவரின் படத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்திவைத்தோம். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் கவர் வந்தது. ஹெட் கேஸ்கட்டின் முன் நுனி முழுசாகத் தங்கியது.

கவரைத் திருப்பிப் பார்த்தோம். டிரைவர் பக்க உட்சுவரில், செயின் அகலத்துக்கு, மெருகேற்றியது போன்ற இரண்டு பளபளப்பான பள்ளங்கள். இரண்டும் மேலே ஆழம் குறைந்து தொடங்கி, போகப்போக ஆழமாகி, ஒன்றின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளையின் ஓரம் காகிதத்தைவிடத் தடிமனில்லை. நண்பர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் பார்த்தார். “இதுக்குள்ள வர்ற தண்ணியத்தானுங்ண்ணா நான் மாசக்கணக்கா ஊத்திட்டு இருந்திருக்கேன்” என்றார்.

டிஃபரன்ஷியலை இறக்க இரண்டு பக்கமும் ஆக்ஸில் ஃபிளாஞ்சில் ஆறு ஆறு நட், முன் புரொப்பெல்லர் ஷாஃப்டில் நான்கு போல்ட், அப்புறம் மவுன்ட்டுகள். கனமான சாமான், ஜாக்கியில் பெல்ட் போட்டுக் கட்டித்தான் இறக்க வேண்டும். சம்பைத் திறந்தபோது கைடின் துண்டுகள் அடியில் கிடந்தன. ஒரு நீளத் துண்டு, மீதி நொறுங்கல். வலைக்கூடையின் அடிப்பக்கத்தில் கால்வாசியைப் பிளாஸ்டிக் சில்லுகள் மூடியிருந்தன.

சம்ப் திறந்திருக்கும்போதே கனெக்டிங் ராடின் பெயரிங்கை இரண்டு சிலிண்டரில் பார்த்தோம். கூலன்ட் கலந்த ஆயில் பெயரிங்கைத்தான் முதலில் தின்னும். சாம்பல் நிறம் சீராக இருந்தது. கீறல் இல்லை, செம்பு தெரியவில்லை. தண்ணீர் நிறையக் கலப்பதற்கு முன்பே பிடித்துவிட்டோம். அந்த ஒர்க்‌ஷாப் சொன்னபடி ஹெட் கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால், செலவு செய்த பிறகும் தண்ணீர் அதே துளை வழியே இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

என்ன மாற்றினோம்

இரட்டை வரிசைச் செயினுக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் நண்பருக்கு ஆசை. நான் ஒற்றை வரிசைச் செயினையே வைத்து, டிரைவர் பக்கம் மட்டும் இரும்பு முதுகுள்ள கைடு போடச் சொன்னேன். இந்த இன்ஜினில் செயின் அறுந்து நின்றதாகக் கேட்பது அபூர்வம், தோற்பது கைடு. தோற்கும் இடத்தை மட்டும் பலப்படுத்தினால் போதும். பயணி பக்கம் பிளாஸ்டிக்கே இருக்கலாம், அங்கே தாக்குதல் இல்லை. கவர், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், டென்ஷனர், இரண்டு ஸ்ப்ராக்கெட், முன் ஆயில் சீல் எல்லாம் புதுசு. பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் இழுத்துவிடும்.

மாட்டும்போது கிராங்கின் சாவி நேர் மேலே, கேமின் முனையில் உள்ள ஊசியும் (டவல் பின்) நேர் மேலே. செயினில் தனி நிறத்தில் பளிச்சென்று இருக்கும் கண்ணிகள் மேலும் கீழும் ஸ்ப்ராக்கெட் குறிகளோடு சேர வேண்டும். கேம் ஸ்ப்ராக்கெட்டோடு செயினைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைத்துவிட்டால் நழுவாது. ஆயில் பம்ப் காய்ந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் உறிஞ்சாது. அதன் பற்களுக்கிடையில் வாசலின் அடைத்து மூடினோம். அது ஆயிலில் கரைந்துவிடும், கெடுதல் இல்லை. கவர், பிளாக், ஹெட் மூன்றும் சேரும் மூலைகளில் மட்டும் கொஞ்சம் சீலன்ட். அதிகம் வைத்தால் பிதுங்கி உள்ளே விழுந்து, இப்போது துப்புரவாக்கிய அதே வலையை அடைக்கும். கேம் போல்ட் 78 நியூட்டன் மீட்டர், கிராங்க் போல்ட் 157. டார்க் ரென்ச் இல்லாமல் இந்த இரண்டையும் இறுக்கக் கூடாது.

முதலில் ஈஎஃப்ஐ ஃபியூஸ் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினோம். டேஷ்போர்டில் ஆயில் அழுத்த முள் எழுந்த பிறகுதான் ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். மலிவான ஆயில் ஊற்றிச் சூடாகும்வரை ஓட்டி, சூட்டோடு வடித்து, ஃபில்டரோடு மாற்றி, அதையே இன்னொரு முறையும் செய்தோம். வடித்த ஆயில் தெளிந்த பிறகே நல்ல ஆயில். டையாக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட்டில் தீப்பொறி நேரத்தை 5 டிகிரி வைத்தோம். சூட்டில் வால்வு இடைவெளி இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ.

பின்பக்கத்தை உயர்த்தியவர் மறந்தது

இன்ஜின் ஆனதும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குனிந்தது, பின்சக்கரம் வேலை செய்வதாகவே தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் பின் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் 2 அங்குலக் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை நன்றாக முறுக்கி அதற்கு ஈடாக ஏற்றியிருக்கிறார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

இந்த வண்டியில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு சேஸியில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். சுமை ஏறினால் சேஸி தாழும், கம்பி நகரும், வால்வு பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டை வைத்து 2 அங்குலம் தூக்கியதும், முழுச் சுமை இருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நம்புகிறது. மண் மூட்டை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது முன்பிரேக் மட்டும் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். உயர்த்தினால் அந்தக் கம்பியின் ஆக்ஸில் முனையையும் அதே அளவு உயர்த்த ஒரு பிராக்கெட் போட வேண்டும். அது போடப்படவில்லை.

முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கினால் வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் போய்விடும். ஒவ்வொரு குழியிலும் மேல் ஆர்ம் தடுப்பு ரப்பரில் இடிக்கும். ஆக்ஸிலின் மூட்டு சரிந்த கோணத்தில் ஓடுவதால் அதன் ரப்பர் உறை கிழியும். ஒரு பக்கம் ஏற்கெனவே கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது.

“கட்டைய எடுத்தா பின்னாடி படுத்துக்குமேங்ண்ணா” என்றார் நண்பர். நியாயமான கேள்வி. கட்டையை எடுத்து அளந்தோம், பட்டை உண்மையிலேயே படுத்திருந்தது. அந்தத் தளர்ச்சியை மறைக்கத்தான் கட்டை வந்திருக்கிறது. நம்மூரில் பட்டையைக் கழற்றிப் பட்டறையில் வளைவு ஏற்றி வாங்கிவிடுவோம், இங்கே அந்தக் கூலிக்குப் புதுப் பட்டைக்கட்டே வந்துவிடும். கம்பெனி உயரத்துக்குக் கொஞ்சம் பலம் கூடிய பட்டை வாங்கி, புதுப் புஷ்ஷும் புது யு போல்ட்டும் போட்டோம். யு போல்ட்டை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கும்போதே அது நீண்டுவிடும். டார்ஷன் பாரைத் தளர்த்தி உயரத்தைச் சரிசெய்து, கிழிந்த உறை மாற்றி, பிரேக்கில் காற்று எடுத்தோம். அந்த வால்வுக்கும் தனி நிப்பிள் உண்டு. சக்கரங்களில் மட்டும் காற்று எடுத்து இதை விட்டுவிட்டால் பெடல் மெத்தென்றே இருக்கும்.

ஹெட்லைட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம், பலன் பெரியது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், விளக்கின் பின்முனையில் 12.2. முழு மின்னோட்டமும் ஸ்டியரிங் அருகே உள்ள பழைய ஸ்விட்ச் வழியாகப் போய் வருவதால் வழியிலேயே விழுந்துவிடுகிறது. இழை விளக்கில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மடமடவென விழும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்து இரண்டு ரிலே வைத்தோம், ஸ்விட்ச் இப்போது ரிலேயை மட்டும் இயக்குகிறது. டொயோட்டாவின் இந்த வண்டிகளில் ஸ்விட்ச் பூமி முனையை இணைத்துப் பிரிக்கிறது, பிளஸ் முனையை அல்ல. மற்ற வண்டிக்கான வயரிங் படத்தை அப்படியே போட்டால் வேலை செய்யாது.

திறந்த ஏர் ஃபில்டரும் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் போட நண்பருக்கு விருப்பம். வேண்டாம் என்றேன். கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. இன்ஜினைச் சுற்றி மாட்டும் சாமானுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுவார்கள். அனுமதி இருந்தாலும் இந்த இன்ஜினுக்கு அதனால் பெரிய பலனில்லை. அந்தப் பணத்தில் ரேடியேட்டரையும் தண்ணீர்க் குழாய்களையும் புதுசாக்கச் சொன்னேன், செய்துவிட்டார்.

புகைச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. காலைச் சத்தம் இல்லை. கூலன்ட் தொட்டியின் பக்கத்தில் போட்ட பேனாக் கோட்டில் அளவு அப்படியே நிற்கிறது. அடுத்த ஆயில் மாற்றும்போது, போன முறை மாதிரியே இரவெல்லாம் நிறுத்தி வைத்து, சம்ப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துணியில் வடிகட்டிப் பார்க்கவும்தான்.